இருட்டில் இரண்டு குடித்தனம்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். அந்தச் சிரசிலுள்ள அவயவங்களுக்குள் கண்ணே பிரதானம் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். குழந்தையைக் கொஞ்சும்போதுகூடக் கண்ணே, கண்மணியே என்றுதான் கொஞ்சுகிறோம். வீட்டில் விளக்கு ஏற்றப் பத்து நிமிஷம் தாமதமானால் எவ்வளவு தடுமாற்றம் உண்டாகிறது என்பதும் நமக்குத் தெரியும். அப்படியிருக்க, பிறந்தது முதல் இறக்கும் வரையில் இருட்டிலேயே குடித்தனம் நடத்தும் பிராணிகள் எவ்விதம் காலம் தள்ளுகின்றன? அத்தகைய பிராணிகளில் இரண்டைப் பற்றி இந்த வாரம் சொல்ல விரும்புகிறோம். ஒன்று அகழெலி, மற்றொன்று ஸாலமாண்டர் என்னும் இனத்தைச் சேர்ந்த ஓல்ம்.

இவ்விரண்டும் அடுத்தடுத்து வாழும் தேசம் ஐரோப்பாவிலுள்ள ஸ்லோவேனியா. அந்நாட்டில் கார்ஸ்ட் என்றொரு சுண்ணாம்புக்கல் பிரதேசம் இருக்கிறது. மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்துப் பூமிக்கடியில் குகைகளையும் ஆறுகளையும் உண்டாக்கிவிட்டது. போஸ்டோய்னா என்ற இடத்திலுள்ள குகையை 1819-ஆம் ஆண்டு முதலே ஜனங்கள் வேடிக்கை பார்க்கப் போய்வருகிறார்கள். பூமியின் மேற்புறத்தில் பசும்புல் வெளி; புல்லுக்குச் சற்றுக் கீழே அகழெலி தோண்டிய சுரங்கம்; அதற்கும் வெகு ஆழத்தில், பாறைக்குள் ஓடும் குளிர்ந்த நீரில் ஓல்ம். ஒரே வீட்டில் மெத்தையில் ஒரு குடும்பமும் கீழ்க்கட்டில் ஒரு குடும்பமும், ஒன்றன் முகத்தை ஒன்று பாராமலே வாழ்வதுபோல இவை வாழ்ந்து வருகின்றன.

முதலில் இரண்டின் ஜாதகத்தையும் பார்த்துவிடுவோம். அகழெலி என்ற பெயரில் எலி இருக்கிறதே தவிர, அது எலி இனத்தைச் சேர்ந்ததன்று. நம் வீடுகளில் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரமாக ஓடும் மூஞ்சூறுதான் அதற்கு நெருங்கிய உறவு. மூஞ்சூறும் எலியன்று, இரண்டும் பூச்சி புழுக்களைத் தின்னும் வகுப்பைச் சேர்ந்தவை. அகழெலி உஷ்ண ரத்தம் உடையது. குட்டி போட்டுப் பால் கொடுத்து வளர்ப்பது. அந்த வகையில் அது நம்மோடு ஒரே பந்தியில் உட்காரத்தக்க பிராணி.

ஸாலமாண்டரோ பார்வைக்குப் பல்லியைப் போலிருக்கும். நான்கு கால்களும் நீண்ட வாலும் உண்டு. ஆயினும் பல்லிக்குள்ள செதில்கள் இதற்குக் கிடையா. தோல் ஈரமாகவும் வழவழப்பாகவும் இருக்கும். இது தவளையின் உறவு, குளிர்ந்த ரத்தம் உடையது, முட்டையிடுவது. உலகில் சுமார் 800 வகை ஸாலமாண்டர்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் தேசத்திலும் கிழக்கு இமயத்தில், டார்ஜிலிங் மலைப்பக்கத்தில், ஒருவகை ஸாலமாண்டரும் ஒருவகை அகழெலியும் உண்டு. தென்னாட்டில் இரண்டும் இல்லை.

ஸாலமாண்டர் நெருப்பில் வாழும், நெருப்பையே அணைத்துவிடும் என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பிவந்தார்கள். ரோமாபுரியில் வாழ்ந்த பிளினி என்ற அறிஞர்கூட, அதன் உடம்பு அவ்வளவு குளிர்ச்சியானது என்று எழுதிவைத்தார். உண்மை மிகவும் எளிது. அந்நாட்டுக் காடுகளில் மஞ்சளும் கறுப்புமான ஒருவகை ஸாலமாண்டர் குளிர்காலத்தில் பட்டமரப் பொந்துகளில் ஒடுங்கிக் கிடக்கும். அந்தக் கட்டையைக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தால், சூடு பட்டவுடன் உயிர் தப்ப வெளியே ஓடி வரும். பார்த்தவர்கள் அது நெருப்பிலிருந்தே பிறந்தது என்று சொல்லிவிட்டார்கள்!

இனி அகழெலியின் குடித்தனத்துக்குள் நுழைவோம்.

ஐந்து அல்லது ஆறு அங்குல நீளம், சுமார் 100 கிராம் எடை, உருட்டிவைத்த கறுப்பு வெல்வெட்டுத் துண்டு போன்ற உடல். அதன் உரோமம் முன்பக்கம் தடவினாலும் பின்பக்கம் தடவினாலும் ஒரேமாதிரி படியும். குறுகிய சுரங்கத்தில் திரும்ப இடமில்லாதபோது பின்னோக்கி ஓடினாலும் மண் சிக்காமல் இருப்பதற்கு இது உதவுகிறது. கைகளோ வெளிப்புறமாகத் திரும்பிய இரண்டு மண்வெட்டிகள். அவற்றில் ஐந்து விரல்களோடு, கட்டை விரலுக்குப் பக்கத்தில் ஆறாவது விரல் போன்ற ஓர் எலும்பும் இருக்கிறது. அது உண்மையான விரலன்று என்றும், மணிக்கட்டிலுள்ள ஒரு சிறு எலும்பு வளர்ந்து நீண்டதே என்றும் ஸ்விட்ஸர்லாந்தின் ஜூரிச் நகர ஆராய்ச்சியாளர்கள் 2011-ஆம் ஆண்டில் விளக்கினார்கள். அதனால் உள்ளங்கை அகன்று, ஒரு தள்ளலில் அதிக மண்ணைத் தள்ள முடிகிறது.

கண் இருக்கிறது, ஆனால் கடுகளவுதான், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். உரோமத்துக்குள் புதைந்து கிடக்கும் அந்தக் கண்ணால் உருவங்களைத் தெளிவாகக் காண இயலாது. வெளிச்சமா இருட்டா என்று தெரிந்துகொள்ள முடியும். தென் ஐரோப்பாவிலுள்ள சில வகை அகழெலிகளுக்குக் கண்ணைத் தோலே மூடிவிட்டது. கண்ணின் வேலையை மூக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் ஆயிரக்கணக்கான நுண்ணிய மேடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நரம்பு முனைகள் வந்து முடிகின்றன. 1871-இல் இவற்றை விவரித்த ஐமர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியின் பெயராலேயே இவை வழங்குகின்றன. நாம் விரல் நுனியால் பட்டுச்சேலையின் நயத்தைத் தடவி அறிவதுபோல, அகழெலி மூக்கு நுனியால் தன் உலகத்தையே தடவி அறிகிறது.

இதன் வாழ்க்கையில் ஓய்வு என்பது அருமை. சுமார் 4 மணி நேரம் வேலை, சுமார் 4 மணி நேரம் தூக்கம், மறுபடியும் வேலை என்று, பகலென்றும் இரவென்றும் பாராமல் பொழுது கழிகிறது. காரணம் வயிறு. தன் எடையில் ஏறக்குறையப் பாதியளவு உணவை அது ஒவ்வொரு நாளும் தின்றாக வேண்டும். ஒரு நாள் பட்டினியே உயிருக்கு ஆபத்தாகிவிடும். அதன் முக்கிய ஆகாரம் மண்புழு. சுரங்கத்தின் சுவரில் மண்புழு வந்து விழக் காத்திராமல், நாள்தோறும் ரோந்து சுற்றிப் பொறுக்குகிறது. அதிகம் கிடைத்தால் புழுவின் தலைப்பக்கத்தைக் கடித்து, சாகாமலும் ஓடாமலும் செய்து, ஓர் அறையில் சேமித்துவைக்கிறது. இப்படி நூற்றுக்கணக்கான மண்புழுக்கள் அடுக்கிய உக்கிராணங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

குளிர்காலம் வந்து ஆகாரம் குறையும்போது அகழெலி செய்யும் சிக்கனம் நம்மைத் திகைக்க வைக்கிறது. வருவாய் குறைந்த குடும்பஸ்தர் வீட்டின் ஒரு பகுதியைப் பூட்டிவைப்பார். இது தன் மண்டையையே சுருக்கிக்கொள்கிறது! மண்டையோடு சுமார் 11 சதவிகிதம் சிறுத்து, வசந்தத்தில் ஓரளவு மீண்டும் வளர்கிறது என்று ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிலையத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2022-இல் வெளியிட்டார்கள். மூளை மிகுந்த செலவு வைக்கும் அவயவம் ஆகையால், அதைக் குறைத்தாவது காலத்தை ஓட்டுகிறது போலும்.

இந்தச் சின்னஞ்சிறு பிராணி ஓர் அரசரின் சரித்திரத்திலும் இடம் பெற்றிருக்கிறது. இங்கிலாந்தின் மூன்றாம் வில்லியம் அரசர் 1702-ஆம் ஆண்டில் குதிரையிலிருந்து விழுந்து, அதன் விளைவாகக் காலமானார். அகழெலி தள்ளிய மண்மேட்டில் குதிரையின் கால் இடறியதே காரணம் என்று சொல்லப்பட்டது. அவருடைய எதிரிகள் அதற்குப் பிறகு விருந்துகளில் கறுப்பு வெல்வெட்டு உடுத்த சிறு கனவானுக்கு வாழ்த்துக் கூறிக் குடித்தார்களாம்.

மெத்தைக் குடும்பத்தைப் பார்த்தாயிற்று. இனிக் கீழ்க்கட்டுக்கு இறங்குவோம்.

கன மழை பெய்து குகைகளில் வெள்ளம் புகுந்தால், சில சமயங்களில் ஓல்ம் ஊற்றுக்கண் வழியாக வெளியே அடித்துக்கொண்டு வரப்படும். வெளிறிய உடம்பும் நீண்ட வாலுமாகக் கிடக்கும் அதைக் கண்ட கிராமவாசிகள், பூமிக்கடியில் வாழும் பறவை நாகத்தின் குஞ்சு என்று அஞ்சினார்கள். வால்வஸோர் என்ற அறிஞர் 1689-ஆம் ஆண்டில் தம் நாட்டைப் பற்றி வெளியிட்ட பெரிய நூலில் இந்த நம்பிக்கையைக் குறித்திருக்கிறார். வியன்னாவைச் சேர்ந்த லாரென்டி என்பவர் 1768-இல் இதற்குப் புரோட்டியஸ் என்ற சாஸ்திரப் பெயரைச் சூட்டினார். அந்நாட்டார் செல்லமாக அழைக்கும் பெயர் மனித மீன். அதன் தோல் வெள்ளைக்காரரின் தோல் நிறத்தை ஒத்திருப்பதே அப்பெயருக்குக் காரணம்.

ஓல்மின் நீளம் சுமார் 10 அங்குலம்; எடையோ 20 கிராமைத் தாண்டுவது அரிது. முன்கால்களில் மும்மூன்று விரல்கள், பின்கால்களில் இரண்டிரண்டு. கழுத்தின் இருபுறமும் குங்குமக் குஞ்சம்போல் செவுள்கள் தொங்கும். மற்ற ஸாலமாண்டர்களில் பல இளம்பருவத்தில் மட்டும் செவுளோடு நீரில் வாழ்ந்து, பிறகு அதை இழந்து தரையேறும். ஓல்ம் தரையேறுவதேயில்லை. முதுமையிலும் செவுளோடு நீரிலேயே இருக்கும்.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்குக் கண் உண்டு என்பது கவனிக்கத்தக்கது. மற்ற ஸாலமாண்டர்களுக்குப் போலவே அது வளரத் தொடங்குகிறது. பிறகு வளர்ச்சி நின்று, பின்வாங்கி, கடைசியில் தோல் அதன்மேல் மூடிக்கொள்கிறது. ஆகவே ஓல்மின் மூதாதைகள் கண்ணோடு வாழ்ந்தவை என்பதற்கு அதன் குழந்தைப் பருவமே சாட்சி. வேறொரு சாட்சியும் 1986-இல் கிடைத்தது. ஸ்லோவேனியாவின் தென்கிழக்கிலுள்ள பேலா கிராயினா பகுதியில், கறுத்த தோலும் தெளிவான கண்களும் உடைய ஓல்ம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கண்ணில்லாத ஓல்ம் மோப்பத்தாலும், நீரின் மெல்லிய அதிர்வாலும், நீரில் பரவும் நுண்ணிய மின்சாரத்தாலும் இரையை அறிகிறது.

டார்வின் 1859-ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரசித்தமான நூலில், உபயோகமற்றுப்போன அவயவங்களைப் பற்றிய பகுதியில், அகழெலியின் கண்ணையும் குருடான புரோட்டியஸையும் அடுத்தடுத்தே குறிப்பிட்டிருக்கிறார். உபயோகிக்காததனால் ஒரு தலைமுறை இழந்ததை அடுத்த தலைமுறை அப்படியே சுதந்தரமாகப் பெறுவதில்லை என்பது இன்றைய விஞ்ஞானத்தின் முடிவு. இருட்டில் கண் பழுதாகப் பிறந்த பிராணிக்கு அதனால் நஷ்டமில்லை. கண்ணைப் பேணும் செலவும் மிச்சம். பல்லாயிரம் தலைமுறைகளில் அத்தகைய பழுதுகள் நிலைத்துவிடுகின்றன. நெருங்கிய உறவே இல்லாத இரண்டு பிராணிகள், ஒரே இருட்டில் குடியேறியதனால், ஒரே செல்வத்தைக் கைவிட்டிருக்கின்றன.

ஒற்றுமை இதோடு முடிகிறது. குடித்தனம் நடத்தும் முறையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேற்றுமை.

அகழெலியின் உடம்பில் ஓர் அடுப்பு ஓயாமல் எரிந்துகொண்டிருக்கிறது. உஷ்ண ரத்தம் என்பதன் பொருள் அதுவே. அடுப்பு எரிய விறகு வேண்டும். விறகுக்காக மண்ணைத் தோண்ட வேண்டும். தோண்டுவதற்கு மறுபடியும் விறகு வேண்டும். வருவதெல்லாம் அன்றன்றைக்கே செலவு. ஓல்மின் வீட்டில் அடுப்பே கிடையாது. சுற்றியுள்ள நீர் எத்தனை குளிர்ச்சியோ அத்தனை குளிர்ச்சி அதன் உடம்பும். ஆகாரம் அகப்பட்டால் உண்கிறது. அகப்படாவிட்டால் ஆண்டுக் கணக்கில் பட்டினி கிடக்கிறது. பாஸ்னியா நாட்டுக் குகையொன்றில் ஓல்ம்களுக்கு அடையாளமிட்டு ஆராய்ந்தவர்கள், ஒன்று 7 ஆண்டுகள் இருந்த இடத்தைவிட்டு நகராமலே இருந்தது என்று 2020-இல் தெரிவித்தார்கள். நமது முனிவர்களின் தவத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இது நம்பமுடியாததாகத் தோன்றாது!

இந்த வேற்றுமை ஆயுளிலும் புலப்படுகிறது. அகழெலி பிறந்த மறு வசந்தத்திலேயே தாயாகிவிடும். மூன்று அல்லது நான்கு குட்டிகள் போடும். பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்குள் அதன் கதை முடிந்துவிடும். பிரான்ஸ் தேசத்தில் மூலிஸ் என்னும் ஊரிலுள்ள குகை ஆராய்ச்சி நிலையத்தில் ஓல்ம்களை 1950-களிலிருந்து வளர்த்து வருகிறார்கள். அந்தப் பதிவுகளைக் கொண்டு 2010-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓல்ம் பருவம் எய்தவே சுமார் 15 ஆண்டுகள் ஆகின்றன. பிறகு 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை போல, சுமார் 35 முட்டைகள் இடும். சராசரி ஆயுள் 68 ஆண்டுகள். 100 ஆண்டுகளைத் தாண்டவும் கூடும் என்று மதிப்பிட்டார்கள். ஓர் ஓல்ம் குழந்தைப் பருவத்தைக் கடப்பதற்குள் மேலே புல்வெளியில் அகழெலிகளின் பதினைந்து தலைமுறைகள் தோன்றிவிடுகின்றன.

இவற்றுள் எந்தக் குடித்தனம் சிறந்தது என்று கேட்டால், ஓல்முக்கே பரிசு கொடுக்கப் பலருக்கும் தோன்றும். சிக்கனம், பொறுமை, நீண்ட ஆயுள் ஆகிய மூன்றையும் நாம் போற்றுகிறவர்கள் அல்லவா? ஆனால் தீர்ப்புச் சொல்லுமுன், இரண்டு குடும்பங்களுக்கும் மனிதனால் நேர்ந்த சோதனையைப் பார்க்க வேண்டும்.

அகழெலியை மனிதன் வேண்டுமென்றே கொன்றிருக்கிறான். புல்தரையைக் கிளறி மேடாக்குகிறது என்று குடியானவர்களும் தோட்டக்காரர்களும் பொறிவைத்துப் பிடித்தார்கள். எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கும் ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய விஷத்தை மண்புழுவில் தடவிச் சுரங்கத்தில் போட்டார்கள். பிரிட்டனில் இந்த வழக்கம் 2006-ஆம் ஆண்டில்தான் நிறுத்தப்பட்டது. அவ்வளவு பகை இருந்தும் அகழெலி இனத்துக்குக் குறைவில்லை. ஒரு வயலில் அழிந்தால் பக்கத்து வயலிலிருந்து இளைய தலைமுறை வந்து காலியான சுரங்கத்தில் குடியேறிவிடுகிறது. ஜெர்மனியில் இன்று அதற்குச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது.

ஓல்மை யாரும் பகைத்ததில்லை. ஸ்லோவேனியர் அதைத் தங்கள் தேசத்தின் பெருமையாகவே கருதுகிறார்கள். 2007-க்கு முன் வழங்கிய அந்நாட்டு நாணயம் ஒன்றில் அதன் உருவத்தைப் பொறித்திருந்தார்கள். ஆயினும் அழியக்கூடிய பிராணிகளின் பட்டியலில் இருப்பது ஓல்ம்தான். கறுப்பு ஓல்மைக் கண்டுபிடித்த அதே பேலா கிராயினா பகுதியில் க்ரூபா என்ற அழகான ஊற்றாறு இருக்கிறது. மின்சாரக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்று, பி.ஸி.பி. என்னும் ரசாயனம் கலந்த கழிவுகளை 1960-கள் முதல் அப்பக்கத்துப் பள்ளங்களில் கொட்டிவந்தது. சுண்ணாம்புக்கல் பூமி மணற்பூமியைப்போல் நீரை வடிகட்டாது. பிளவுகளின் வழியே அப்படியே உள்ளே விட்டுவிடும். 1983-இல் க்ரூபாவின் நீரில் அந்த நஞ்சு கலந்திருப்பது தெரியவந்தது. பிற்காலத்தில் அங்குள்ள ஓல்ம்களைச் சோதித்தபோது, அவற்றின் உடலில் அது மிகுதியாகச் சேர்ந்திருக்கக் கண்டார்கள்.

இங்கேதான் ஓல்மின் குணங்களெல்லாம் அதற்கே விரோதமாகத் திரும்பிவிடுகின்றன. அகழெலிபோல் சீக்கிரம் பிறந்து சீக்கிரம் மடிந்தால், நஞ்சு ஓர் உடம்பில் சேர்வதற்கு அவகாசம் குறைவு. அறுபது எழுபது ஆண்டுகள் வாழும் பிராணியோ ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போகிறது. சிக்கனமாக வாழும் உடம்பு நஞ்சையும் சிக்கனமாகவே வெளியேற்றுகிறது போலும்! இருந்த இடத்தைவிட்டு நகராதது வேறு நீரைத் தேடிப் போவதெப்படி? இழந்த ஒரு தாய்க்கு ஈடாக இன்னொரு தாய் வருவதற்கு 15 ஆண்டுகள் ஆகும். மாறாத உலகத்தில் பொறுமையைப்போல் சிறந்த செல்வம் இல்லை. உலகம் திடீரென்று மாறிவிட்டால், பொறுமையாளனுக்கே முதல் அடி விழுகிறது. ஆகவே பரிசு யாருக்கு என்ற கேள்வியே பொருத்தமற்றது என்று நாம் கருதுகிறோம். ஒவ்வொன்றும் தன் வீட்டுக்கு ஏற்றபடி குடித்தனம் நடத்துகிறது. வீட்டைக் கெடுப்பவன் வெளியிலிருந்து வருகிறான்.

இதில் மனிதனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறக்கலாகாது. ஓல்ம் வாழும் பாறை நீரே ஸ்லோவேனியாவில் மிகுதியான ஊர்களுக்குக் குடிநீர். ஓல்ம் உயிரோடு இருக்கும் வரையில், அந்நாட்டுத் தாய்மார்கள் குழந்தைகளுக்குக் கொடுக்கும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று ஓரளவு நம்பலாம். கிணற்றிலே மீன் குஞ்சுகளை விட்டுவைக்கும் பழக்கம் உடைய நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கொல்லைப்புறத்தில் எதையாவது கொட்டிவிட்டு, மண் விழுங்கிவிட்டது என்று திருப்தியடைகிறோம். மண்ணுக்குக் கீழே யார் இருக்கிறார்கள், அவர்கள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போஸ்டோய்னா குகையிலுள்ள கண்ணாடித் தொட்டியில் ஓர் ஓல்ம் முட்டையிட்டது. 60-க்கு மேற்பட்ட முட்டைகள். காவலர்கள் வெளிச்சம் படாமல் திரையிட்டு, இரவும் பகலும் மாதக் கணக்கில் காத்திருந்தார்கள். கோடைக்குள் 20-க்கு மேற்பட்ட குஞ்சுகள் வெளிவந்தன. அவை பருவம் எய்தித் தாமே முட்டையிட 2030-ஆம் ஆண்டையும் தாண்டியாக வேண்டும். அவற்றில் சில அடுத்த நூற்றாண்டையும் காணக்கூடும். அதுவரையில் அவற்றுக்கு வேண்டியது வேறொன்றுமில்லை: கொஞ்சம் இருட்டும், நல்ல தண்ணீரும்.